குழித்தறியிலிருந்து மணப்பாட்டுக் கடலுக்கு

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் நோக்கிப் பேருந்தில் செல்வோர் வழியில் ஐயம்பேட்டை என்னும் எங்கள் ஊரைக் கடந்திருப்பர். நெசவாளர் தெருக்களில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறியோசை கேட்கும். அவ்வோசை ஓய்ந்த நாள் ஒன்று உண்டெனில், அது மழையீரம் தறிக்குழிக்குள் ஊறிய நாளாகவோ, ஒரு பாவு தீர்ந்து மறுபாவு வராத நாளாகவோதான் இருக்கும். கோபுரங்களுக்கும் பட்டுக்கும் பெயர்பெற்ற காஞ்சி மாநகருக்கு அண்மையில் இருப்பதால், எங்களுக்கும் பட்டே பிழைப்பு.

கடல் எங்களுக்கு அயல். ஊருக்குத் தெற்கே செல்லும் பாலாறு கல்பாக்கத்துக்கும் தெற்கே, வயலூர் அருகில் கடலோடு கலக்கிறது என்று பள்ளியில் படித்தோம். ஆண்டின் பெரும்பகுதி அந்த ஆறே வெறும் மணலாகக் கிடப்பதால், அது கடலுக்குப் போகிற வழி என்னும் எண்ணம் எங்களுக்கு எழுவதில்லை. வேளாங்கண்ணி யாத்திரையின்போது கால் நனைத்த அளவே எங்கள் பங்கு மக்களில் பலருக்குக் கடலோடுள்ள உறவு.

இப்படிப்பட்ட ஊரில், குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்யும் என் தங்கை மகன், ஒருநாள் இரவு உணவுக்குப்பின் என்னிடம் வந்து, “மாமா, நான் அலைச்சறுக்குப் பழக வேண்டும். கூட்டம் இல்லாத ஒரு கடற்கரைக்கு நாங்கள் மூன்று நண்பர்கள் போக விரும்புகிறோம். அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும்” என்றான்.

அந்தப் பயணத்தை நாங்கள் திட்டமிட்ட வரலாறே இக்கட்டுரை. வளர்ந்த பிள்ளைகளின் ஆசைக்கும் பெற்றோரின் அச்சத்துக்கும் நடுவே நிற்கும் குடும்பங்களுக்கு இது சிறிதேனும் பயன்படலாம் என்னும் எண்ணத்தாலேயே எழுதுகிறேன்.

அச்சத்தின் காரணம்

என் தங்கையிடம் பேசுவது எளிதான காரியமன்று. அதற்குக் காரணமும் உண்டு. 1985ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஏரி நிரம்பியபோது, எங்கள் கடைசித் தம்பி குளிக்கப் போனான், திரும்பவில்லை. அவனுக்கு வயது ஒன்பது. எனக்கு அப்போது பதினான்கு, தங்கைக்குப் பதினொன்று. அவனை ஏரிக்குக் கூட்டிச் சென்றவன் நானே. எனக்கும் நீந்தத் தெரியாது. கரையில் நின்று கத்தியது ஒன்றே நான் செய்தது.

அந்நாள்முதல் எங்கள் வீட்டில் தண்ணீர் என்பது குடத்துக்குள் இருக்கவேண்டிய பொருளாயிற்று. தங்கை தன் பிள்ளைகளை ஏரிக்கரைப் பக்கமே விட்டதில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாளான ஞாயிறன்று, ஆழிப்பேரலை வேளாங்கண்ணியில் யாத்திரிகர் பலரை வாரிச் சென்ற செய்தி வந்தபோது, கைக்குழந்தையாய் இருந்த மகனை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் இரவெல்லாம் செபமாலை சொன்னதை நான் அறிவேன். அந்தக் குழந்தைதான் இன்று அலைமேல் ஏறி நிற்க வேண்டும் என்கிறான்.

நான் உடனே விடை கூறவில்லை. “விசாரித்துச் சொல்கிறேன்” என்றேன்.

விளையாட்டா, வீண் துணிச்சலா?

2025 ஆகஸ்டு மாதம் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியை வேடிக்கை பார்க்கச் சென்றதிலிருந்து அவன் மனம் அங்கேயே நின்றுவிட்டது. இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் அப்போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார். ஆசியப் போட்டியின் தனிநபர் பிரிவில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் பதக்கம் அதுவே.

அலைச்சறுக்கு நேற்று முளைத்த கூத்தன்று. பசிபிக் பெருங்கடலின் ஹவாய், தாகித்தி தீவு மக்கள் பன்னெடுங்காலமாகப் பலகைமீது அலையேறி வந்தவர்கள். 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நீச்சலுக்குத் தங்கம் வென்ற ஹவாய்க்காரர் டியூக் கஹானமோக்கு இக்கலையை உலகெங்கும் பரப்பினார். டோக்கியோ ஒலிம்பிக் 2021இல் நடைபெற்றபோது இவ்விளையாட்டு முதன்முறையாக அங்கே இடம்பெற்றது. நம் தமிழ்க் கரையில் பரதவர், மரங்களைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்தில் நின்றபடி உடையும் அலையைக் கடந்து சென்று, அதே அலையின் முதுகில் கரை சேர்ந்தவர்கள். உலக மொழிகள் பல அந்தக் ‘கட்டுமரம்’ என்னும் சொல்லையே நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டன.

சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில், மூர்த்தி மேகவன் என்னும் மீனவர் தாமே பலகை பழகி, 2012இல் தம் ஊர்ப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். புகைக்கக் கூடாது, குடிக்கக் கூடாது என்பது அங்கே அலையேற வருவோர்க்கு விதிக்கப்பட்ட கட்டளை. கார்மேல் அன்னையின் பழைய ஆலயம் நிற்கும் அதே கோவளம்தான். மீனவக் குடும்பங்களிலிருந்து பரிசு பெறும் வீரர்கள் அவ்வூரில் உருவாகியிருக்கிறார்கள். ஆகவே இதனை வீண் துணிச்சல் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட என் மனச்சான்று இடம் தரவில்லை.

மற்றொன்றும் எனக்குத் தோன்றியது. எங்கள் பிள்ளைகள் பகல் முழுதும் இடுப்பளவுக் குழியில் காலை வைத்து, மிதியை மிதித்து, நாடாவை வீசி, அச்சை அடித்து வாழ்பவர்கள். என் மருமகன் பள்ளி விடுமுறைகளில் கோர்வைச் சேலைக்குக் கரைப்பக்க நாடா வீசும் துணையாளாகத் தந்தையருகில் அமரத் தொடங்கியவன். ஒரு பாவில் மூன்று சேலை. சேலை ஒன்றுக்குப் பதினைந்து நாளோ இருபது நாளோ ஆகும். அவன் வயதொத்தவர் பலர் தறியை விட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிவிட்டனர். தறியை விடாத ஒரு பிள்ளை, ஆண்டில் ஐந்து நாள் திறந்த வானத்தின்கீழ் நிற்க விரும்பினால் அதனைத் தவறென்பதா?

எந்தக் கடற்கரை?

கோவளமும் மாமல்லபுரமும் எங்களுக்கு அண்மையானவை. ஆயினும் விடுமுறை நாள்களில் அங்கே கூடும் கூட்டம் பெரிது. பிள்ளைகள் கேட்டதோ அமைதியான இடம். அவர்களே கைப்பேசியில் தேடிக் கண்டுபிடித்த பெயரைச் சொன்னபோது நான் வியப்படைந்தேன். அது மணப்பாடு!

தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்த மணப்பாட்டை நம் வாசகர் அறிவர். அலைச்சறுக்கு வீரர்களுக்கும் அது விருப்பமான இடம் என்பது எனக்குப் புதிய செய்தி. உள்நாட்டிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பலகையுடன் வருவோர் அங்கே உண்டு என்று கோவளத்தில் விசாரித்தபோது கூறினர். காரணம் அந்நிலத்தின் அமைப்பு. கடலுக்குள் நீண்டு நிற்கும் ஒரு மேடு. தென்கடலிலிருந்து வரும் அலை அம்மேட்டில் மோதி, அதனைச் சுற்றி வளைந்து, ஒரே நேரத்தில் முழுவதும் உடைந்து விழாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுருள் பிரிவதுபோல் உடைந்துகொண்டே போகிறது. அப்படிப் பிரியும் அலையின் சரிவில்தான் பலகை நெடுந்தொலைவு சறுக்கிச் செல்ல முடியும். அலையின் உயரம் ஒரு மீட்டரானால், நீரின் ஆழம் ஏறத்தாழ 1.3 மீட்டராகக் குறையும் இடத்தில் அது உடையும் என்பர். ஆகவே கடலடி மணலின் சரிவே அலையின் வடிவைத் தீர்மானிக்கிறது.

அந்த மேட்டின்மேல்தான் திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது.

1540ஆம் ஆண்டளவில் புயலில் சிக்கிய போர்த்துகீசியக் கப்பலின் தலைவர் ஒருவர், தாம் கரைசேர்ந்தால் உடைந்த பாய்மரத்தால் சிலுவை செய்து நாட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்றும், மணப்பாட்டில் கரையேறி அவ்வாறே அம்மேட்டில் நாட்டினார் என்றும் பரம்பரையாகச் சொல்லப்படுகிறது. 1542ஆம் ஆண்டு அக்டோபரில் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். மணப்பாட்டுக் கடல்முகத்துக் குகையில் அவர் தங்கிச் செபதவம் புரிந்தார். அவருக்கு முன்னர் அக்குகை ஒரு சைவத் துறவியின் இருப்பிடமாய் இருந்தது என்றும் கூறுவர். இன்றுள்ள ஆலயத்தின் தொடக்கம் 1581ஆம் ஆண்டைச் சேர்ந்தது. செப்டம்பர் 14ஆம் நாள் திருச்சிலுவை மகிமைத் திருவிழாவுக்கு அங்கே கூடும் மக்கள் வெள்ளத்தைச் சொல்லி முடியாது.

சவேரியார் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சி இங்கே நினைக்கத்தக்கது. 1544ஆம் ஆண்டு ஜூன் மாதம், வடுகப் படையினரின் தாக்குதலுக்கு அஞ்சிய குமரிமுனைக் கிறிஸ்தவர்கள் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியால் வாடினர். சவேரியார் இருபது தோணிகளில் உணவுடன் மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. துடுப்பும் பயன்படவில்லை. அவர் மணப்பாட்டுக்கே திரும்ப நேர்ந்தது. பின்னரே அவர் தரைவழியாக அம்மக்களிடம் போய்ச் சேர்ந்தார். பசித்தவர்க்கு உணவு கொண்டு சென்ற புனிதருக்கே காற்று வழிவிடாத கடல் அது. விளையாடப் போகும் நாம் அதனிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை இதனினும் தெளிவாக யார் சொல்லக்கூடும்?

முன்சென்று பார்த்தது

பிள்ளைகளை அனுப்புமுன் நானே ஒருமுறை போய்ப் பார்ப்பதென முடிவு செய்தேன். திருவிழா முடிந்த அடுத்த வாரம் செங்கல்பட்டில் செந்தூர் விரைவு வண்டியில் ஏறினேன். மறுநாள் காலை திருச்செந்தூர். அங்கிருந்து குலசேகரப்பட்டினம் வழியாகப் பேருந்தில் பதினெட்டுக் கிலோமீட்டர். வழியெங்கும் பனை, உட்புறத்தில் செம்மணல் தேரி. தசரா நாள்களில் குலசையில் வேடமிட்டு நேர்த்திக்கடன் செலுத்துவோர் கூட்டத்தால் சாலையே நிறைந்துவிடும் என்று நடத்துனர் சொன்னார். அதே குலசையில் இந்தியாவின் இரண்டாவது விண்கல ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. இன்று ஒதுங்கிக் கிடக்கும் இக்கடற்கரை நாளையும் இப்படியே இருக்கும் என்று எண்ணுவதற்கில்லை.

மணப்பாட்டுத் தெருக்களில், இலங்கையோடு வாணிகம் செய்த காலத்தில் கட்டப்பட்ட பெரிய வீடுகள் சில இன்றும் நிற்கின்றன. மணற்பரப்பில் வரிசையாகப் படகுகள். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்த பெண் ஒருவரின் விரல்களைச் சற்றுநேரம் நின்று பார்த்தேன். ஓர் இழை மேலே, ஓர் இழை கீழே. எங்கள் தொழில்தான், நூல் மட்டும் வேறு.

குகைக்குச் சென்றேன். அதனுள் ஒரு கிணறு. சில அடி தொலைவில் அலை அறைகிறது. கிணற்று நீரோ குடிக்கத்தக்கதாய் இருக்கிறது. அந்நீரைக் கையில் ஏந்தியபோது நாற்பதாண்டுக்கு முந்தைய எங்கள் ஏரியும் தம்பியும் நினைவில் வந்தனர். நான் நெடுநேரம் அங்கேயே அமர்ந்திருந்தேன்.

மாலையில் கரையில் வலை சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் வந்த காரியத்தைச் சொன்னேன். கச்சான் காற்று இன்னும் அடங்கியிருக்கவில்லை. கடல் கொந்தளிப்பாகவே இருந்தது. அவர் சிரித்துவிட்டு, “தம்பி, இப்போது எந்த இடத்தில் உங்கள் மருமகனை இறக்குவீர்கள்? காட்டுங்கள் பார்ப்போம்” என்றார்.

நான் கடலைப் பார்த்தேன். இருபுறமும் அலைகள் நுரையோடு உடைந்துகொண்டிருந்தன. நடுவில் ஓரிடம் மட்டும் நுரையின்றி, அகன்ற பாதைபோல் அமைதியாக இருந்தது. அந்த இடத்தைச் சுட்டிக் காட்டினேன்.

“அதுதான் ஆளைக் கொண்டுபோகும் இடம்” என்றார் பெரியவர். “இருபுறமும் கரையேறிய தண்ணீர் அந்த வழியாகத்தான் திரும்பிப் போகிறது. அதனால்தான் அங்கே அலை உடையவில்லை. உங்கள் பிள்ளையை முதல்நாள் பலகையைத் தொட விடாதீர்கள். கரையில் உட்கார்ந்து காலை முதல் கடலைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த இடம் சாந்தமாகத் தெரிகிறது என்று அவனே காட்டட்டும். பிறகு அந்த இடத்துக்குப் போகாமல் இருக்கட்டும்.”

நெசவாளியாகிய நான் அமைதியான நீரைக் கண்டு ஏமாந்தேன். எங்கள் தம்பி இறங்கிய இடமும் அன்று ஏரியில் அமைதியாகத்தான் இருந்தது.

காலமும் ஒழுங்கும்

ஊர் திரும்பியதும் பிள்ளைகளை அழைத்துத் திட்டத்தை எழுதினோம். முதலில் காலம். நெசவாளிக்கு ஓய்வு கிடைப்பது, திருமணங்கள் இல்லாத ஆடி மாதத்தில். ஆனால் அப்போது தென்மேற்குக் காற்று மணப்பாட்டில் மிகக் கடுமையாக வீசும். தேர்ந்தவர்க்கு அது அலைக்காலம், புதியவர்க்கன்று. வடகிழக்கு மழைக்காலமும் ஆகாது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் அப்பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. செந்தூர் வண்டி திருவைகுண்டத்தில் சிக்கி, ஏறத்தாழ எண்ணூறு பயணிகள் வெள்ளத்தின் நடுவே தவித்தனர். அருகிலிருந்த ஊரார் சமைத்துக்கொண்டு போய் அவர்களுக்கு உணவளித்ததை நன்றியோடு நினைக்க வேண்டும்.

எஞ்சியது தை, மாசி. கடல் தணிந்து, அலை சிறியதாய், கற்போர்க்கு ஏற்றதாய் இருக்கும் பருவம் அது. தை முகூர்த்தங்களுக்குரிய சேலைகள் மார்கழிக்குள் தறியிலிருந்து இறங்க வேண்டும். அந்தப் பாவை அறுத்து, அடுத்த பாவைப் பிணைக்கும் இடைவெளியில் ஐந்து நாள் கிடைக்கும். சாம்பல் புதனுக்கு முன்னரே திரும்பிவிட வேண்டும் என்பதும் முடிவாயிற்று. தவக்காலத்தில் கேளிக்கை வேண்டாம் என்று பிள்ளைகளே சொன்னது எனக்கு மகிழ்ச்சி அளித்தது.

பின்னர் ஒழுங்குகள். அவற்றை நம் வாசகர் பிள்ளைகளுக்கும் பயன்படும் எனக் கருதி இங்கே தருகிறேன்.

நீந்தத் தெரியாதவன் பலகையைத் தொடக்கூடாது. மூவரும் நான்கு மாதம் விவசாயக் கிணற்றில் பழக வேண்டும். முதலில் முதுகில் சுரைக்குடுக்கையும் இடுப்பில் கயிறும். பின்னர் இரண்டும் இன்றி. நிற்காமல் கால்மணி நேரம் நீந்தினால்தான் பயணம்.

முதல் பாடம் கோவளத்தில், பயிற்சியாளரின் கண்முன். மணப்பாடு இரண்டாம் பாடமே.

காலில் கட்டும் பலகைக் கயிறின்றி நீரில் இறங்கக்கூடாது. தனியாக ஒருவனும் இறங்கக்கூடாது. ஒருவன் எப்போதும் கரையில் நின்று கண்காணிக்க வேண்டும்.

இழுப்பு நீரோட்டத்தில் சிக்கினால், கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப் போகக்கூடாது. பலகையைப் பற்றிக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடத்தை அடைந்தபின் கரை திரும்ப வேண்டும்.

புறப்படுமுன்னும், அங்கிருக்கும் ஒவ்வொரு காலையிலும், ஐதராபாத்திலுள்ள பெருங்கடல் தகவல் மையத்தின் எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். வானம் தெளிந்து காற்றில்லாத நாளிலும், தொலைவிலுள்ள தென்கடல் புயலால் பெரும் அலை திடீரென வந்து ஏறுவதுண்டு. கேரள மீனவர் அதனைக் கள்ளக்கடல் என்பர். 2024 மே 6ஆம் நாள், அத்தகைய எச்சரிக்கை இருந்த வேளையில், குமரி மாவட்டத்துக் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவம் பயின்ற ஐந்து இளைஞர் அலையால் இழுக்கப்பட்டு மாண்டனர். அவர்கள் கற்றவர்கள், உயிரைக் காக்கப் பயின்றவர்கள். எச்சரிக்கையை மதிப்பது கோழைத்தனமன்று என்பதற்கு இதுவே போதும்.

படகுகள் இறங்கும், ஏறும் நேரங்களில் அவ்விடத்தை விட்டு விலகி நிற்க வேண்டும். நமக்கு அது விளையாட்டு. அம்மக்களுக்கு அது உலைநீர். ஈர உடையோடு ஆலயத்திலோ குகையிலோ நுழையக்கூடாது. மணப்பாட்டில் தங்குமிடம் குறைவாதலால் திருச்செந்தூரில் தங்குவது. அவசர மருத்துவத்துக்கும் அங்கே அரசு மருத்துவமனை உண்டு.

இறுதியாக, ஊர்ப் பெரியவர் எவரேனும் “இன்று வேண்டாம்” என்றால், அன்று வேண்டாம். கேள்வி கேட்கக்கூடாது.

தங்கையின் விடை

இத்தனையும் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு தங்கையிடம் சென்றேன். அவள் பாவுக்கு இழை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் படித்து முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

“அண்ணா, அன்று உனக்கு நீந்தத் தெரிந்திருந்தால் அவனைக் காப்பாற்றியிருப்பாய் அல்லவா?” என்று கேட்டாள்.

நாற்பதாண்டுகளில் அவள் என்னிடம் அதனைக் கேட்டதில்லை. எனக்குக் குரல் எழவில்லை. “முயன்றிருப்பேன்” என்றேன்.

அவள் மீண்டும் இழையில் கை வைத்தாள். சற்றுநேரம் சென்றபின், “இவனை நான் தண்ணீர்ப் பக்கமே விடாமல் வளர்த்தேன். அதனால் இவனுக்கும் நீந்தத் தெரியாது. நாளைக்கு யாராவது இவன் கண்ணெதிரே மூழ்கினால், உன்னைப்போல் கரையில் நின்று கத்துவான். அதையும் நான்தான் செய்து வைத்திருக்கிறேன்” என்றாள்.

பிள்ளைகளின் மீதுள்ள அன்பினால் அவர்களுக்கு அறியாமையைச் சொத்தாக வைத்துவிடுகிறோமோ என்னும் கேள்வி அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. இராயப்பர் ஆண்டவரை நோக்கி நீர்மேல் நடந்தபோது, காற்றைக் கண்டு அஞ்சி மூழ்கத் தொடங்கினார் என்று நற்செய்தியில் வாசிக்கிறோம். அவர் அஞ்சியதைச் சொல்லி நாம் பல மறையுரைகள் கேட்டிருக்கிறோம். ஆனால் கலிலேயக் கடலில் வலை வீசி வளர்ந்த அந்த மனிதருக்கு நீந்தத் தெரியும் என்பதும், தெரிந்தும் “ஆண்டவரே, காப்பாற்றும்” என்று கைநீட்டினார் என்பதும் இப்போதுதான் எனக்கு உறைத்தது. கற்றுக்கொள்வதும் கைநீட்டுவதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

மறுநாள் தங்கை இரு நிபந்தனைகளைச் சொன்னாள். ஒன்று, தானும் கூட வருவாள். மகன் நீரில் இருக்கும் நேரமெல்லாம் கரையில் அமர்ந்திருப்பாள். அவனுக்கு வெட்கமாயிருந்தாலும் சரி. மற்றொன்று, போய்ச் சேர்ந்த முதல் காலையில், எவரும் கடலில் கால் வைக்குமுன், திருச்சிலுவை ஆலயத்தில் எங்கள் தம்பியின் ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலி ஒன்று ஒப்புக்கொடுக்க வேண்டும்.

மருமகன் இரண்டுக்கும் உடன்பட்டான். அன்று மாலையே சுரைக்குடுக்கை தேடிப் புறப்பட்டான்.

கிணற்றுப் பயிற்சி தொடங்கியபின் ஒன்று நிகழ்ந்தது. மூன்றாம் வாரம், பிள்ளைகள் நீந்துவதைப் பார்த்துக்கொண்டு மேட்டில் நின்ற என்னை, “மாமா, நீங்களும் இறங்குங்கள்” என்றான். ஐம்பது கடந்தவன், குடுக்கையைக் கட்டிக்கொண்டு, இடுப்புக் கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு, படியில் ஒவ்வொன்றாக இறங்கினேன். தண்ணீர் மார்புக்கு வந்தபோது நடுக்கம் எடுத்தது. அவன் கயிற்றை விடவில்லை. இப்போது குடுக்கையின்றிக் கிணற்றின் குறுக்கே ஒருமுறை கடக்கிறேன். கால்மணி நேரத்துக்கு இன்னும் நெடுந்தொலைவு இருக்கிறது.

மணப்பாட்டில் நான் அலையேறப் போவதில்லை. அது பிள்ளைகளின் வயது. ஆனால் கரையில் தங்கையோடு அமர்ந்திருக்கும்போது, தேவையென்றால் எழுந்து நீரில் இறங்கக்கூடிய ஒருவனாக அமர்ந்திருப்பேன்.

தறியில் கிடக்கும் பாவில் இன்னும் ஒரு சேலை மீதி இருக்கிறது. மாம்பழ நிற உடல், அரக்குக் கரை. அது இறங்கியதும் புறப்படுகிறோம். இதனைப் படிக்கும் அன்பர்கள் எங்கள் பிள்ளைகளுக்காகவும், கடலை நம்பி வாழும் மணப்பாட்டு மக்களுக்காகவும் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுமாறு வேண்டுகிறேன்.